இடப்பக்கக் கதவால் இறங்கியவன்

தம்பி, இதை உன் அறைக்கே கொண்டுவந்து தந்திருக்கலாம். என் அறைக்கும் உன் அறைக்கும் நடுவில் ஒரு குளியலறைதான் இருக்கிறது. ஆனால் கையில் தந்தால் நீ வாசித்துவிட்டு மடித்து வைப்பாய். "விடுங்கோ அப்பா" என்பாய். நானும் விட்டுவிடுவேன். ஐந்து மாதமாக நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அதனால் புதன்கிழமைகளில் நம் ஆட்களின் பலசரக்குக் கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் பத்திரிகைக்கு இதை அனுப்புகிறேன். உன்னைப் பற்றியும் உன் காரைப் பற்றியும் கதைத்தவர்கள் எல்லாரும் மரண அறிவித்தலும் வீட்டு விளம்பரமும் பார்ப்பது அதில்தான். அவர்களும் வாசிக்கட்டும். நீ இதை வாசிப்பது புதன்கிழமை. நாளை வியாழக்கிழமை நீ நீதிமன்றத்தில் எழுந்து நின்று, கவனமில்லாமல் கார் ஓட்டி ஒருவனை முடமாக்கிய குற்றத்தை ஏற்றுக்கொள்ளப் போகிறாய். அன்றைக்கு அந்தக் காரை ஓட்டியவன் நான்.

பழி முழுக்க அந்தக் காரின் தலையில் விழுந்தபடியால் அதைப் பற்றி முதலில் சொல்கிறேன். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கி, இரண்டு வருடம் சனி ஞாயிறு பாராமல் நின்று உழைத்த காசில் நீ அதை வாங்கினாய். பதினைந்து வயது கடந்த கார் என்றால் ஜப்பானிலிருந்து இந்த நாட்டுக்குள் இறக்கலாம் என்ற சட்டத்தை நீதான் எனக்கு விளங்கப்படுத்தினாய். கப்பலில் வன்கூவர் வந்து, அங்கிருந்து லொறியில் ஏறி, பெப்ரவரி மாதத்து உப்புச் சேற்றோடு ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. கடும்பச்சை நிறம், நிலத்தோடு தாழ்ந்த உடம்பு, பின்பக்கம் ஆள் படுக்கிற நீளம். "இருந்த காசை எல்லாம் குடுத்து உன்ர மோன் ஒரு பிரேத வண்டி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். உனக்குக் கேட்டது. நீ கோபிக்கவில்லை. முன்மூடியைத் திறந்து இரண்டு ரேர்போ பூட்டிய இயந்திரத்தைக் காட்டினாய். பார்க்கக் குடும்பக் கார், ஓட்டத்தில் பந்தயக் கார் என்றாய். பின்சீற்றை மடித்தால் ஒரு ஸ்ரெச்சரே வைக்கலாம் என்றாய். அப்போது நீ அம்புலன்ஸ் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தாய். நான் கேட்டது ஒன்றுதான்: "ஸ்ரியரிங் ஏனடா பிழையான பக்கத்தில கிடக்கு?"

"உங்கட ஊரில இதுதானே அப்பா சரியான பக்கம்?" என்றாய்.

வலப்பக்கம் இருந்து ஓட்டுகிறவனுக்கு இந்த நாட்டில் எல்லாமே கைக்கு எட்டாத பக்கத்தில் இருக்கிறது. கோப்பிக் கடை ஜன்னல், தரிப்பிடத்து ரிக்கற் மெசின், எல்லாம் இடப்பக்கம். தனியாகப் போனால் நீ அடுத்த சீற்றில் படுத்துக் கையை நீட்டித்தான் கோப்பி வாங்கவேண்டும். அதனால் என்னை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினாய். கோப்பி வாங்குவது சின்ன வேலை. பெரிய வேலை வேறு. ஒற்றைப் பாதையில் முன்னால் போகிற லொறியை முந்த வேண்டுமென்றால் உன் பக்கத்திலிருந்து லொறியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. சந்தியில் இடப்பக்கம் திரும்ப நின்றால் எதிரே நிற்கிற வாகனம் வழியை மறைக்கும். இடப்பக்கச் சீற்றில் இருக்கிறவன்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். வழி இருந்தால் 'எடு'. இல்லையென்றால் 'பொறு'. "கதை சொல்லாதேங்கோ அப்பா, ரெண்டில ஒண்டு" என்று நீ கண்டிப்பாகச் சொல்லிவைத்தாய். பிறம்ரனிலிருந்து அமெரிக்க எல்லைவரை பாரலொறி ஓட்டுகிறவன் நான், எனக்கே உத்தரவு. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். நீ வளர்ந்த பிறகு உன்னோடு நான் சண்டை இல்லாமல் பேசியது அந்த இரண்டு சொல்தான். நான் 'எடு' என்றால் நீ திரும்பிப் பார்க்காமல் எடுத்தாய். என்னை ஒருவரும் அப்படி நம்பியதில்லை.

போலீசும் இடப்பக்கத்துக்குத்தான் வந்தது. மார்க்கம் நகரில் ஒருநாள் மறித்தவன் என் ஜன்னலைத் தட்டி லைசென்ஸ் கேட்டான். என் இரண்டு கையிலும் இரண்டு கோப்பி. நான் ஓட்டவில்லை என்று சொல்ல, அவன் குனிந்து ஸ்ரியரிங்கைத் தேடினான். அன்று மூன்று பேரும் சிரித்தோம். பிறகு சிரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. சத்தம் அதிகம் என்று மறித்தார்கள், கண்ணாடி கறுப்பு என்று மறித்தார்கள், ஒன்றும் கிடைக்காத நாளில் கார் யாருடையது என்று கேட்டார்கள். நாலு வீடு தள்ளியிருக்கிற வெள்ளைக்காரனின் பிக்கப் வெளிக்கிட்டால் எங்கள் வீட்டுப் பீங்கான் அதிரும். அவனை ஒருவரும் மறிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் போலீசில் காட்ட எனக்குத் துணிவில்லை. வீட்டுக்கு வந்து உன்னில் காட்டினேன். "உந்தச் சனியனை வித்துத் துலை" என்றேன். வாழ்க்கை முழுக்க நான் அப்படித்தான். அடித்தவனை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவனைத் திட்டுகிறவன். நீ அந்தப் பழக்கத்தை எடுக்காதே.

இன்னொரு பழக்கம் உன்னிடம் இருக்கிறது. அதை நான்தான் உனக்குத் தந்தேன். உனக்கு ஒன்பது வயது. ஒரு சந்தியில் நான் சிவப்பு விளக்கில் போய் ஒரு காரின் பின்பக்கத்தை இடித்தேன். போலீஸ்காரன் என்னைக் கேட்டான். அப்போது எனக்கிருந்த ஆங்கிலம் சம்பளம் கேட்கவும் காணாது. பின்சீற்றில் பள்ளிக்கூடப் பையோடு இருந்த உன்னைப் பார்த்து, "மஞ்சள் எண்டு சொல்லு" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். அது சிவப்பு என்று உனக்குத் தெரியும். மஞ்சள் என்று சொன்னாய். போலீஸ்காரன் உன்னைக் கெட்டிக்காரப் பெடியன் என்றான். நான் உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தேன். வங்கியில், டொக்ரரிடம், வீட்டுக்காரனிடம், அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் நீதான் என் வாய். இந்த ஊரில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்படித்தான் வளர்ந்தார்கள். அதைக் கெட்டித்தனம் என்று சொல்லிப் பெருமைப்பட்டோம். தகப்பனுக்காகப் பொய் சொல்வதுதான் மொழிபெயர்ப்பு என்று ஒரு குழந்தைக்கு நான் படிப்பித்தேன் என்பது எனக்கு இந்த ஐந்து மாதத்தில்தான் உறைத்தது.

நவம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம். தூறல். ஸ்காபரோவில் ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு பிளாசாவின் பின்பக்கம் வந்தோம். அந்த வாரம்தான் அம்புலன்ஸ் சேவையிலிருந்து உனக்கு வேலைக் கடிதம் வந்திருந்தது. நான் நல்ல மனநிலையில் இருந்தேன். சாவியைக் கேட்டேன். பெப்ரவரியிலிருந்து சனியன் என்று திட்டிய காரின் சாவியை. நீ சிரித்துக்கொண்டே தந்தாய். வலப்பக்கச் சீற்றில் ஏறி இருந்ததும் இடக்கை தானாகவே கியரில் போய் இருந்தது. யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் வாடகை வான் ஓட்டிய கை அது. இருபத்து நாலு வருடமாக அந்தக் கைக்கு அந்த வேலை இல்லை. எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து என் உடம்பு முதல்தடவையாகச் சரியான இடத்தில் இருந்தது போல இருந்தது.

"பாத்துச் சொல்லட்டே அப்பா?" என்று நீ கேட்டாய்.

"நீ பிறக்க முதலே நான் உந்தப் பக்கம் இருந்து ஓடினவன். எனக்குப் பாத்துச் சொல்ல வாறாய்" என்றேன்.

பின்வாசலுக்கு முன்னால் இருப்பது போக ஒன்று வர ஒன்று என்று சின்னப் பாதை. கார் ஒன்றும் வரவில்லை. இடப்பக்கம் திருப்பினேன். ஊரில் திருப்புகிற மாதிரியே, இடக்கரையை ஒட்டி. அங்கே அது என் பக்கம். இங்கே அது எதிரே வருகிறவனுடைய பக்கம். திருப்பும்போது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. பழைய வானை மிதிக்கிற மாதிரி மிதித்தேன். அந்த வான் யோசித்து யோசித்துத்தான் நகரும். உன் கார் பாய்ந்தது. "அங்கால, அப்பா, அங்கால" என்று, மற்றப் பக்கம் எடுக்கச் சொல்லி, நீ கத்தினாய். சாப்பாட்டுப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஒரு பெடியன் தன் பக்கத்தில், தன் கரையில், ஒரு பிழையும் இல்லாமல் வந்துகொண்டிருந்தான்.

நீ கதவைத் திறந்து ஓடினாய். ஈரத் தார்றோட்டில் முழங்காலில் இருந்து அவன் தலையை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவனோடு கதைத்துக்கொண்டே இருந்தாய். படித்ததை எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் செய்தாய். நான் வலப்பக்கத்தால் இறங்கி, காரின் பின்னால் போய் நின்றேன். என் கையில் இறைச்சிப் பை இருந்தது. அதை ஏன் எடுத்துக்கொண்டு இறங்கினேன் என்று தெரியாது. அம்புலன்ஸ் அவனைக் கொண்டுபோன பிறகு போலீஸ்காரன் யார் ஓட்டியது என்று கேட்டான். அவன் கேட்டது என்னைப் பார்த்து. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, "நான்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். ஒன்பது வயதில் சொன்ன அதே வேகம். பஸ்சுக்கு நின்ற ஒரு மனிசி, தானும் பார்த்ததாகச் சொன்னா. இடிபட்டதும் அந்தப் பெடியன்தான் டிரைவர் பக்கத்தால் இறங்கி ஓடிவந்தவன் என்று இடப்பக்கக் கதவைக் காட்டினா. அந்த மனிசி பொய் சொல்லவில்லை. இந்த நாட்டில் இடப்பக்கத்தால் இறங்குகிறவன் டிரைவர். இரண்டு பேர் சொன்னதும் பொருந்தியது. போலீஸ்காரன் எழுதிக்கொண்டான். நான் பேசாமல் நின்றேன். நீ என் காதுக்குக் கிட்ட வந்து, "வாயைத் திறவாதேங்கோ அப்பா. உங்கட லைசென்ஸ் போனா வீடு போயிடும்" என்றாய்.

அது உண்மைதான். லொறி ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் போனால் எல்லாம் போகும். ஆனால் அம்புலன்ஸ் ஓட்டப் போகிறவனுக்கும் லைசென்ஸ்தான் எல்லாம் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரியும். தெரிந்துகொண்டுதான் பேசாமல் நின்றேன். மூன்று கிழமையில் உன் வேலையை அவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். இப்போது நீ பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் ஏஜென்சிக்காரனுக்குக் கீழே கொள்கலன் இறக்குகிறாய். நாளைக்கு வேலை உண்டா என்பதை இன்று பின்னேரம் போனில் அனுப்புவான். வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது. மனிதர் உயிரைப் பிடித்து வைக்கப் படித்த கை, யாரோ வாங்கப் போகிற பிளாஸ்ரிக் கதிரைகளை அடுக்குகிறது. நானோ ஒவ்வொரு காலையும் என் லொறியில் ஏறிப் போய்வந்தேன்.

ஜனவரியில் மார்க்கத்தில் நடந்த கல்யாணத்தை நீ மறந்திருக்கமாட்டாய். சாப்பாட்டு மேசையில் நாலைந்து ஆம்பிளைகள் உன் கதையை எடுத்தார்கள். உந்த வலப்பக்க ஸ்ரியரிங் கார்களை நாட்டுக்குள் விட்டதே பிழை என்றார் வீடு விற்கிறவர். இந்தக் காலத்துப் பெடியளுக்கு வேகம்தான் கண்ணுக்குத் தெரியும் என்றார் இன்னொருவர். எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒரு தகப்பனுக்குக் கிடைக்கிற அந்தப் பரிதாபம் எனக்குச் சுகமாக இருந்தது. "நான் வாங்கேக்கையே சொன்னனான். கேட்டவனே?" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் பின்னால் நீ நிற்கிறாய், எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து. கிளாசை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாய். உன்னைப் போல ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைக்கவேண்டும் என்று அதே மேசையில் ஒருவர் சொன்னார். தம்பி, உன்னை யாராவது நல்ல பிள்ளை என்று சொன்னால், உன்னுடைய நல்லதனத்தில் அவருக்கு என்ன லாபம் என்று முதலில் பார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன் வழக்கைப் பார்க்கிற சட்டத்தரணிப் பெண் கெட்டிக்காரி. போன மாதம் நீ வெளியே போன நேரத்தில் என்னிடம் பஸ்சுக்கு நின்ற மனிசியின் வாக்குமூலத் தாளைக் காட்டி, ஸ்ரியரிங் வலப்பக்கம் என்றால் பெடியன் எப்படி இடப்பக்கத்தால் இறங்கினான் என்று கேட்டா. உண்மை அந்தத் தாளில் எழுத்தில் கிடந்தது. "அந்த மனிசி பிழையாப் பாத்திருப்பா" என்றேன். முன்பின் தெரியாத ஒரு மனிசியின் கண்ணையும் நான் பொய்யாக்கினேன். கேள்வி அதோடு நின்றது.

இனி, இடிபட்டவன். அவன் பெயர் பிரபு என்று நீதான் ஒருநாள் சொன்னாய். திண்டுக்கல் பக்கத்திலிருந்து படிக்க வந்தவன். நீ ஞாயிறு தோறும் அவனிடம் போய் வருகிறாய் என்று தெரிந்தும் எங்கே என்று நான் கேட்டதில்லை. போன ஞாயிறு உனக்குச் சொல்லாமல் அந்த இடத்தைத் தேடிப் போனேன். பிறம்ரனில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறைகள். ஏழு பேர். ஜன்னல் என்று ஒரு சாண் கண்ணாடி. அதிலும் பனி மூடியிருந்தது. அவன் வலக்காலில் இரும்புக் கம்பி. இடக்கை விரல்கள் மடங்குவதில்லை. வகுப்புக்கு வராதபடியால் கல்லூரியிலிருந்து நீக்குவதாகக் கடிதம் வந்திருக்கிறது. நீக்கினால் விசாவும் போகும். சாப்பாடு கொண்டுபோகச் சொன்ன கொம்பனிக்காரன் விசாரித்தது ஒன்றே ஒன்றுதானாம், அந்தப் பார்சல் என்னவாயிற்று என்று. இந்த நகரத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சூடாகச் சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறவன், விழுந்தால் யாருக்கும் சொந்தமில்லாதவன். நாங்கள் அகதியாக வந்தபோது எங்களையும் இப்படித்தான் நடத்தினார்கள். வீடு வாங்கியதும் மறந்துபோனோம்.

நான் யார் என்று சொல்ல முதலே அவன் என்னை அடையாளம் கண்டான். "நீங்கதான சார் ஓட்டுனீங்க?" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மோதறதுக்கு முன்னாடி கண்ணாடிக்குள்ள உங்க மொகத்ததான் பாத்தேன். நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க" என்றான். ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க பையன் வேணாம்னு கேட்டுக்கிட்டாரு. வாரா வாரம் வந்து கைக்குப் பயிற்சி குடுக்கறாரு. மத்தபடி எங்கிட்ட யாருமே கேக்கலையே சார்." ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் ஒருதரம் வந்ததாம், அவன் மயக்கத்தில் இருந்தானாம், பிறகு வரவில்லையாம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டான். எழும்பி எடுத்துத் தர அவனால் முடியாது என்பதால் நான் இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ அடுப்பை அணைத்துவிட்டு இருந்தா. ஒரு கேள்விதான் கேட்டா. "ஐஞ்சு மாசம் உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு அவன் எப்பிடி இந்த மேசையில சோறு திண்டவன்?" அதற்குப் பிறகு அவ என்னோடு கதைக்கவில்லை. மறுநாள் உன் வழக்கைப் பார்க்கிற பெண்ணிடமும் போனேன். இப்போது உண்மையைச் சொன்னால் போலீசுக்குப் பொய் சொன்னாய் என்று உன் மேலும் வழக்கு வரலாம் என்றா. என்னுடைய உண்மையும் உன்னைத்தான் வெட்டும். அம்புலன்ஸ் வேலை இனித் திரும்பக் கிடைக்குமென்று யாரும் சொல்லவில்லை. வீடு போகும். பிரபுவின் விரல்கள் மடங்காது. இதை எழுதுவதால் ஒன்றும் பழையபடி ஆகப்போவதில்லை. ஆனால் நாளை நீ அங்கே எழுந்து நின்று சொன்னால், அது உன் பெயரில் எழுதப்பட்டுவிடும். ஒன்பது வயதில் நான் தொடக்கி வைத்த பொய் உன் வாழ்நாளுக்கும் உண்மையாகிவிடும். பொய் வழக்கு வந்தால் அதில் நான் உனக்குப் பக்கத்தில் நிற்பேன். இதில் உனக்கு முன்னால் நிற்கவேண்டும்.

நீ என்னைக் காப்பாற்றியது பாசத்தால் என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்னொருவன் செய்ததைத் தூக்கிச் சுமப்பது பாசம் என்று உனக்கு யாரும் சொன்னால் நம்பாதே. நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். போலீஸ்காரன் உன்னைக் கேட்டால் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்காதே. உனக்குத் தெரிந்த மொழியில், தெரிந்த அளவில், நீயே சொல்லு. எனக்கு அது அறுபதை நெருங்கும்போதுதான் முடிகிறது.

பத்திரிகை கடைக்கு வரும்போது நான் போலீஸ் நிலையத்தில் இருப்பேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். லைசென்சை மேசையில் வைத்துவிட்டு, பஸ்சுக்கு நின்ற மனிசி சொன்னதைத் திரும்ப ஒருதரம் வாசிக்கச் சொல்வேன். அதற்குப் பிறகு காரைப் போய்ப் பார்க்கச் சொல்வேன். அது இன்னும் எங்கள் வாசலில் மூடிக் கட்டிய படங்குக்குக் கீழே நிற்கிறது, இடப்பக்க விளக்கு உடைந்தபடி. அந்த மனிசி காட்டிய கதவைத் திறந்தால் முன்னால் ஸ்ரியரிங் இல்லை என்பதை யாரும் பார்க்கலாம்.

நாளை உன் பெயரைக் கூப்பிடுவார்கள். நீ எழும்பாதே. உனக்கு முன்னால் ஒரு பெரிய லொறி நிற்கிறது. அதற்கு அங்கால் என்ன வருகிறதென்று உன் பக்கத்திலிருந்து தெரியாது. நான் எட்டிப் பார்த்துவிட்டேன்.

பொறு, தம்பி.